தேவாரத்துக்கு விசில் அடித்தவன்

கொதிகலன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்ல புத்தகங்களாகப் பார்த்துத் தந்திருப்பார்கள். அமுக்கம் எவ்வளவு, செப்பு எவ்வளவு தாங்கும், இரும்பு எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் அவற்றில் அட்டவணை போட்டிருக்கும். படியுங்கள், நல்லது. வெட்கத்துக்கு மட்டும் அவற்றில் அட்டவணை இராது. நெல் ஆலைகளிலும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடங்களிலும் காலம் முழுவதும் பெரிய பெரிய கொதிகலன்களோடு கிடந்து எழும்பியவன் நான். ஆனால் இன்று சொல்லப்போவது ஒரு மேசையில் வைக்கக்கூடிய சின்னக் கொதிகலனைப் பற்றித்தான். என்னை அதைவிடப் பயமுறுத்திய கொதிகலன் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

உங்களில் கோப்பாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். “தேவாரத்துக்கு விசில் அடிச்ச ஆள்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். மறுக்க மாட்டேன்.

அறுபதுகளில் கோப்பாயில் ஒரு வேலைத்தளத்தில் நான் பிற்றர், இயந்திரம் பொருத்துகிறவன். வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துவதுதான் எங்களுக்குச் சோறு. வேலைத்தளத்தின் சொந்தக்காரரை எல்லோரும் பெரியண்ணை என்று கூப்பிடுவோம். தெற்கே புகையிரத வேலைத்தளம் ஒன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஓய்வு நேரத்தில் ஒரு குட்டிக் கோச்சி எஞ்சின், புகையிரத எஞ்சின்தான், செய்துகொண்டிருந்தார். விளையாட்டுச் சாமானென்று நினைக்க வேண்டாம். செப்புக் கொதிகலன், உண்மையான நெருப்பு, உண்மையான நீராவி. முழங்கால் உயரம்தான், ஆனால் பின்னால் ஒரு வண்டியைக் கொளுவிவிட்டால் ஏழெட்டுப் பிள்ளைகளை இழுக்கும். நானும் அவரும் சேர்ந்து அதை முடிக்க இரண்டு மாரி போயிற்று.

பெரியண்ணை எவ்வளவு கவனமான மனிதர் என்று முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை அவருக்கு அநியாயம் செய்யும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கொதிகலனிலும் படியும். அதனால் அவர் தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடித்து, துணியில் வடித்துத்தான் எஞ்சினுக்கு ஊற்றுவார். அந்தப் பீப்பாவில் கை கழுவிய ஒருவன் அன்றைக்கே வேலையை விட்டுப் போனான். நிலக்கரி கிடைக்காத ஊரில் சிரட்டைக்கரியைச் சல்லடையில் அரித்து, ஒரே அளவாகப் பொறுக்கி எடுப்பார். அப்படிப்பட்டவர்தான் பிறகு சொல்லப்போகும் காரியத்தைச் செய்தார்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஊர்ச் சனசமூக நிலையத்துச் செயலாளர் மணந்து பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நிலையத்தின் கண்காட்சியைத் திறக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறாராம். தேவாரம் முடிந்ததும், சுபநேரத்தில், எங்கள் கோச்சி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரிபனை அறுத்துப் போக வேண்டுமாம். பெரியண்ணைக்கு மேடையில் மாலை. அவர் உடனே ஓம் என்றுவிட்டார்.

அதே நாளில் எனக்கும் ஒரு சோதனை இருந்தது. உரும்பிராயில் ஒரு சட்டம்பியார். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், சைவப் பழம், பண்ணோடு தேவாரம் படிப்பதில் பெயர் எடுத்தவர். அவருடைய இரண்டாவது மகளுக்கும் எனக்கும் சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது. பெண்ணை நான் ஒரு முறை கோயில் வீதியில் கண்டிருந்தேன். கண்டதிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை என்பதை இந்த வயதில் சொல்ல என்ன கூச்சம்! ஆனால் சட்டம்பியார் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. “பொடியனை வீட்டிலை வைச்சுப் பாத்து என்ன செய்யிறது? வேலை செய்யிற இடத்திலை பாக்கவேணும்” என்று தரகரிடம் சொல்லிவிட்டார். கண்காட்சியில் தேவாரம் படிக்க அழைக்கப்பட்டவரும் அவர்தான். ஆக, அன்றைக்கு எஞ்சின் ஓட்டுவது நான், பாடுவது என் வருங்கால மாமனார்.

பெரியவர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பெரியவர்கள் எப்போது நேரத்துக்கு வந்தார்கள்? நாங்கள் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றிக் காத்திருந்தோம். யாரோ பக்திமான் எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, அமுக்கம் காட்டும் கேஜின் கண்ணாடியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். பொட்டு விழுந்த இடம் சரியாகச் சிவப்புக் கோட்டின் மேல். அந்தக் கோட்டைத் தாண்ட விடக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதற்பாடம்.

கோட்டைத் தாண்ட விடாமல் காப்பது பாதுகாப்பு வால்வு. அமுக்கம் கூடினால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விடும். விடும்போது நாகம் மாதிரிச் சீறும். பெரியவர் பிந்தப் பிந்த அது சீறிச் சீறி அடங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒவ்வொரு முறையும் கைப்பம்பியால் குளிர்ந்த தண்ணீர் அடித்து அடித்து, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தலைவரை நிறைந்துவிட்டது. இனி அடிக்க இடமில்லை.

கடைசியில் கார் வந்தது. பிள்ளைகளை வண்டியில் வரிசையாக ஏற்றினேன். வண்டியில் ஆக முன்னால், எஞ்சினை ஓட்ட நான் இருக்கும் இடத்துக்குப் பின்னால், என் முதுகோடு ஒட்டி, பெரியண்ணையின் கடைக்குட்டி வதனி. முதல் ஓட்டத்தில் தன் பிள்ளைதான் முன்னுக்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. செயலாளர் ஓடி வந்தார்.

“அண்ணை, உதென்ன சத்தம்? தேவாரம் படிக்கேக்கையும் உது சீறிக்கொண்டு நிண்டா நல்லாயிருக்கோ?”

“வால்வு எண்டா சீறத்தான் வேணும்” என்றார் பெரியண்ணை.

“சீறட்டும். தேவாரம் முடிஞ்சாப்போலை வடிவாச் சீறட்டும். பெரியவர் என்ன நினைப்பார்? எங்கடை ஊருக்கு மரியாதை தெரியாது எண்டெல்லோ நினைப்பார்!”

பெரியண்ணையின் முகம் சுருங்கிப் போனதைக் கண்டேன். நான் கடைசிப் பிள்ளையின் காலை மிதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் எஞ்சினின் மேல் குனிந்து எழும்பினார். சீற்றம் நின்றிருந்தது.

“என்ன அண்ணை செய்தனீங்கள்?”

“வால்வு நட்டைக் கொஞ்சம் இறுக்கினனான். ஒரு பாட்டுத்தானே? முடிய வந்து தளத்திவிடுறன்.”

சொல்லிக்கொண்டே மேடைக்குப் போய்விட்டார். ஸ்பானரும் அவர் வேட்டி மடியில் செருகியபடியே மேடைக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். திட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். கண்காட்சித் திறப்புவிழாவில் யாராவது ஒரு பாட்டுக்கு மேல் தேவாரம் படித்துக் கண்டிருக்கிறீர்களா? ஒரு பாட்டு நேரத்தில் ஒன்றும் ஆகியிராது. அவருடைய கணக்கு சரியான கணக்கு. ஆனால் சட்டம்பியாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிபெருக்கி கிடைத்திருக்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

முதற்பாட்டு அருமையாக இருந்தது. சனம் முழுவதும் எழும்பிக் கைகூப்பி நின்றது. வண்டியில் இருந்த பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே கைகூப்பின. பாட்டு முடிந்தது. நான் மூச்சு விட்டேன். சட்டம்பியார் செருமிக்கொண்டு இரண்டாவது பாட்டைத் தொடங்கினார். மூன்றாவதைத் தொடங்கியபோது எனக்கு விளங்கிவிட்டது. மனுஷன் முழுப் பதிகத்தையும் பாடப் போகிறார். பதினொரு பாட்டு.

உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். தேவாரம் படிக்கும்போது பாம்பு காலில் ஏறினாலும் நின்ற நிலையில்தான் நிற்போம். நான் கேஜைப் பார்த்தேன். ஊசி குங்குமத்துக்குள் போய் மறைந்திருந்தது. விரலால் பொட்டைத் துடைத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, நான் பிள்ளையாரின் பொட்டை அழித்ததுபோலப் பார்த்தார். ஊசி கோட்டைத் தாண்டி நின்றது. நின்றது என்பது பிழை, ஏறிக்கொண்டிருந்தது.

“மாமா, கும்பிடுங்கோ” என்று பின்னாலிருந்து வதனி மெல்லிய குரலில் என்னைக் கண்டித்தாள்.

என்ன செய்யலாம்? நட்டைத் தளர்த்த ஸ்பானர் இல்லை. விரலால் திருகிப் பார்த்தேன், சுட்டதுதான் மிச்சம். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் கொதிதண்ணீர் பக்கத்தில் நிற்கும் சனத்தின் காலில் பாயும். நெருப்புத் தட்டின் ஆணியைப் பிடுங்கி நெருப்பை இறக்கலாம். ஆனால் இறக்கினால் சிரட்டைத் தணல் பிள்ளைகளின் காலடியில் விழும், அதோடு அமுக்கமும் உடனே குறையாது. நெருப்பறைக் கதவைத் திறந்து வைத்தேன். சும்மா ஒரு மனத்திருப்திக்கு. மேடையைப் பார்த்துக் கையசைத்தேன். பெரியண்ணை கண்ணை இறுக மூடியிருந்தார். கோயிலில்கூடக் கண்ணை மூடாமல் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மனுஷன் அன்றைக்கு மூடிவிட்டார்.

மிஞ்சியிருந்தது ஒரே வழி. விசில். அதை இழுத்துப் பிடித்தால் நீராவி அதன் வழியாக வெளியேறும். அந்த விசிலும் பெரியண்ணை தன் கையால் கடைந்தது. பருத்தித்துறையில் நின்றாலும் கேட்கும் என்று பெருமை அடிப்பார்.

உடனே இழுத்தேன் என்று சொன்னால் அது பொய். இன்னும் ஒரு பாட்டுப் பார்ப்போம் என்றேன். அதுவும் முடிந்தது. அடுத்ததோடு நிறுத்திவிடுவார் என்றேன். பாடுகிறவரின் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிய, உருகிப்போய் நின்றார். அந்த முகத்துக்கு மகளாகப் பிறந்தவளையும் நினைத்தேன். இழுத்தால் அவள் எனக்கு இல்லை. இழுக்காவிட்டால், பெரும்பாலும், ஒன்றும் நடக்காது. அந்தப் “பெரும்பாலும்” என்ற சொல்லோடு நான் இரண்டு பாட்டு நேரம் மல்லுக்கட்டினேன். என் முதுகில் வதனியின் கூப்பிய கை முட்டிக்கொண்டிருந்தது.

ஆறாவது பாட்டின் நடுவில், சட்டம்பியார் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோன இடத்தில், நான் விசிலை இழுத்தேன்.

அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. ஒலிபெருக்கி அதை வாங்கி இன்னும் பெரிதாக்கி ஊருக்குக் கொடுத்தது. நான் ஒரு கையால் விசிலைப் பிடித்தபடி, “இறங்கி ஓடுங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!” என்று கத்தினேன். பிள்ளைகள் அழுதுகொண்டு ஓடின. கடைசிக் கால் விலகியதும் நெருப்புத் தட்டின் ஆணியைப் பிடுங்கினேன். கற்பூரம் காட்டி மூட்டிய நெருப்பு புழுதியில் விழுந்து புகைந்தது.

செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“உமக்குச் சமயம் எண்டு ஒண்டு இல்லையோ, ஐசே?”

“வால்வு இறுகிப் போச்சு. அமுக்கம் கோட்டைத் தாண்டீட்டுது.”

“எங்கை? காட்டும் பாப்பம்!”

காட்டினேன். ஊசி கோட்டுக்குக் கீழே நல்ல பிள்ளையாகக் கிடந்தது. விசிலடித்த பிறகு வேறெங்கே கிடக்கும்? இதை உங்கள் சுவரில் எழுதி வையுங்கள்: நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. வெடித்திருந்தால் என்னை எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

பெரியண்ணை மேடையிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் மாலை. இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் எஞ்சினைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார்.

“பொடியன் பயந்திட்டான்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எஞ்சினைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். மேடையில் ஒலிபெருக்கி முன்னால் ஒருவரும் இல்லை. சட்டம்பியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். மறுநாள் தரகர் வந்து என் குறிப்பை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். “பொருத்தத்திலை ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. விசில்தான் பொருந்தேல்லை” என்று விளக்கமும் கொடுத்தார்.

ஒரு கிழமை நானும் பெரியண்ணையும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஊரில் சின்னப் பெடியள் என்னைக் கண்டால் விசிலடிப்பார்கள். ஒருநாள் பின்னேரம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“நீங்கள் நட்டை இறுக்கினதை ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்ல? நீ விசில் அடிச்சிராட்டியும் ஒண்டும் நடந்திராது. அது நான் ஒட்டின பொயிலர்.”

“உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?”

“வா, காட்டுறன்.”

காட்டினார். வேலைத்தளத்தின் பின்வளவில், கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சினை வைத்தார். நட்டை அன்றைக்கு இறுக்கிய அதே அளவுக்கு இறுக்கினார். நெருப்பு மூட்டினார். நாங்கள் கட்டுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து எட்டி எட்டிப் பார்த்தோம். ஊசி கோட்டைத் தாண்டியது. அன்றைக்கு நான் விசிலை இழுத்த இடத்தையும் தாண்டியது. அதற்கு மேலும் போயிற்று. கொதிகலன் அசையவில்லை. ஒரு ஒட்டும் கசியவில்லை.

வேறு யாராவது உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், இந்த இடத்தில் கொதிகலனை வெடிக்க வைத்திருப்பார்கள். கதைக்கு அதுதான் அழகு. என்ன செய்வது, வெடிக்கவில்லை. பெரியண்ணை அவ்வளவு நல்ல வேலைக்காரர். நான் பெண்ணையும் இழந்து, பெயரையும் இழந்து, விசிலடித்தது ஒன்றுக்கும் உதவாத காரியம் என்று என் கண்ணுக்கு முன்னால் நிரூபித்துவிட்டார்.

“பாத்தியோ?” என்று எழும்பி நின்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “பாத்தியோடாப்பா? மலை மாதிரி நிக்குது!”

எனக்கு அழுகைதான் வந்தது. அதை மறைக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று நினைக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வதனி யாரோடோ கெந்திப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப வதனியைக் கூப்பிடுங்கோ அண்ணை” என்றேன். “நட்டு உப்பிடியே இருக்கட்டும். ஏத்தி ஒருக்கால் ஓடிக் காட்டுவம்.”

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். கூப்பிட வாயும் திறந்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். கிணற்றுக் கட்டைச் சுற்றிக்கொண்டு போனார். விசிலை இழுத்துப் பிடித்தார். மறு கையால் நெருப்புத் தட்டின் ஆணியைத் தானே பிடுங்கினார். தணல் விழுந்து அடங்கும்வரை அங்கேயே குனிந்து நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் எடுக்கிற முடிவு சரியா பிழையா என்று பிறகு பலர் வந்து அளந்து சொல்வார்கள். அவர்களிடம் அப்போது ஸ்பானரும் இருக்கும், நேரமும் இருக்கும். உங்களிடம் இருப்பது அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்த பிறகு மாலை வரும் என்று மட்டும் எதிர்பாராதீர்கள்.

அடுத்த நாள் காலை பெரியண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனார். போனதை எனக்குச் சொல்லவும் இல்லை. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர், அப்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவர். இத்தனை வருஷமாக எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருபவரும் அவர்தான்.

பெரியண்ணை கதிரையில்கூட இருக்கவில்லையாம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாராம். தான்தான் வால்வை இறுக்கியது, ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் விட்டது, பிறகு சோதித்துப் பார்த்தது, எல்லாவற்றையும்.

சட்டம்பியார் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப நான் மிச்சப் பாட்டையும் படிச்சிருந்தா?” என்று கேட்டாராம்.

“ஒண்டும் நடந்திராது, ஐயா. பொயிலர் தாங்கியிருக்கும். நான் கண்ணாலை பாத்தனான்.” பெரியண்ணை அதோடு விடாமல் சொன்னாராம்: “ஆனா, பாத்த பிறகும் என்ரை பிள்ளையை அதிலை ஏத்த எனக்கு மனம் வரேல்லை. அண்டைக்கு அவள் இருந்தது அவன்ரை முதுகுக்குப் பின்னாலைதான்.”

சட்டம்பியார் கதிரையைவிட்டு எழும்பினாராம். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டாராம்.

“இஞ்சேரும். தரகருக்கு ஆள் அனுப்பும். என்ரை பிள்ளையையும் அவனிட்டைக் குடுக்கலாம்.”